வரிசையில் நிற்காத நால்வர்: ஆமத்தூர்ப் பட்டாசுக் கம்பெனியில் ஒரு பகல்

சென்ற ஆடியில் சென்னையில் நடந்த ஒரு கருத்தரங்கில் காலனிய நீக்கக் கோட்பாடு பற்றி இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். எது அறிவு என்று தீர்மானிக்கும் அதிகாரம், வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகும் இங்கே யாரிடம் இருக்கிறது என்று கேட்பதுதான் அந்தக் கோட்பாட்டின் சாரம். எடுத்துக்காட்டாகச் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர்களின் பாதுகாப்பைச் சொல்லியிருந்தேன். அவர்களிடம் இருப்பது 'மௌன அறிவு' என்ற தொடருக்கு நல்ல கைதட்டல். தேநீர் இடைவேளையில் விருதுநகர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "எந்தக் கம்பெனிக்குப் போயிருந்தீக?" என்றார். எந்தக் கம்பெனிக்கும் போனதில்லை என்றேன். "அப்ப கட்டுரை நல்லாத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் தன் அக்கா மகன் கார்த்திக்கின் எண்ணைத் தந்தார்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். தீபாவளிக்கு முந்தைய சீசன் என்பதால் வேலை மும்முரமாக இருக்கும் காலம். மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10-க்கு பஸ். விருதுநகர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 52 ரூபாய், 7.25-க்கு இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு காபி, 55 ரூபாய். அங்கிருந்து சிவகாசி பஸ்ஸில் ஆமத்தூருக்கு அரை மணி நேரம், 15 ரூபாய். கம்பெனி ஊருக்கு வெளியே நான்கு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டிய காஜா 120 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"கம்பெனிக்கு இன்னைக்கு யாரோ ஆபீசர் வந்திருக்காக. நீங்களும் ஆபீசரா?" என்று கேட்டார்.

"இல்லை, கல்லூரி ஆசிரியர்."

"அப்பப் பயமில்ல. கேள்வி மட்டுந்தான் கேப்பீக."

கேட்டில் செல்போன், கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போடச் சொன்னார்கள். நான் அணிந்திருந்தது சுதேசிக் கண்காட்சியில் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிய குர்தா. வாட்ச்மேன் அதன் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுல பாதி பாலியஸ்டர் சார். உரசினா பொறி வரும், உள்ள விடமுடியாது" என்று ஒரு பழைய பருத்திச் சட்டையைக் கொடுத்தார். செருப்பையும் கழற்றிவிட்டு, உடம்பின் மின்சாரம் மண்ணுக்கு இறங்குவதற்காக வைத்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.

அங்கே ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. பொட்டலில் தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல், உள்ளே நான்கு பேர். புதிதாக எல்லா அறைகளிலும் கிழக்கு வாசலுக்கு மேல் பச்சை அம்புக்குறிப் பலகை மாட்டியிருந்தார்கள். வெளியூர்ப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் கையில் படிவத்தோடு நின்றார். மணி அடித்ததும் தொழிலாளர்கள் பதறாமல் எழுந்து, வரிசையாக, அம்புக்குறி காட்டும் வாசல் வழியே நடந்து, மைதானத்தில் கூடவேண்டும் என்பது படிவத்தின் விதி. அப்படிச் செய்து காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் கார்த்திக்குக்கு வடக்கே ஒரு பெரிய கடையின் ஆர்டர் கிடைக்கும். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கும் சூப்பர்வைசர் மாரீஸ்வரி, வரிசையைப் பழக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, இன்னைக்கு ஒருநாள் செஞ்சு காட்டுங்க. பெறகு பழையபடி இருந்துக்கிடலாம்" என்றார் கார்த்திக். முப்பது வயதிருக்கும்.

"ஒருநாள்னாலும் பழக்கம் பழக்கந்தான் சின்ன முதலாளி. வெடிக்கிற அன்னைக்கு எப்படிப் போகணும்னு காலு எங்கிட்ட வந்து கேக்காது."

"அப்ப நான் வேற சூப்பர்வைசரத்தான் பாக்கணும்."

"பாருங்க. வர்றவளுக்கும் நாந்தேன் வேலை பழக்கணும்."

கார்த்திக் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் படிவம் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மாரீஸ்வரிக்கு மறுநாள் வேலையில்லை. நிரம்பினால் அத்தனை அறைகளிலும் வரிசை.

கோட்பாட்டைப் பயன்படுத்த இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று நான் குறுக்கே புகுந்தேன். அலுவலகக் கட்டடத்துக்காக எழுதிய விதி எப்படி உலகப் பொதுவிதி வேடம் போடுகிறது என்று நான்கு நிமிடம் விளக்கினேன். பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணம் என்ற தொழிலாளி, "இவுக நம்ம பக்கம் பேசுறாகளா, அவுக பக்கமா?" என்று கேட்டார்.

"தெரியல. முடிச்சதும் கேப்பம்" என்றார் மாரீஸ்வரி.

நான் முடித்துக்கொண்டேன். அவர் ஆலோசகரிடம் திரும்பினார். "சார், வெளிய இருந்து வந்ததுன்னு நான் எதையும் தள்ளல. செம்புத் தகடு வெளிய இருந்து வந்ததுதான். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுங்கிறதும் ரூல்தான். ஒண்ணையாவது நாங்க மீறியிருக்கமா? நீங்க ஒருதடவை எங்ககூட வந்து உக்காருங்க. அம்புட்டுத்தான்."

நான்கு நிமிடத்தில் நான் சொல்லத் தவறியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஒரு விதி எங்கே பிறந்தது என்பது அவருக்குப் பொருட்டில்லை; அதை எழுதியவர் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தாரா என்பதுதான் அவர் கேள்வி.

ஆலோசகர் நேர்மையான மனிதர், ஒத்துக்கொண்டார். கழுவிக் காயவிட்டிருந்த ஒரு காலி அறையில் மாரீஸ்வரி, பஞ்சவர்ணம், இன்னொரு பெண் ஆகியோருடன் நான்காவது ஆளாக, முன்னால் ஒரு வெறும் வேலைத் தட்டோடு உட்கார்ந்தார். கடிகாரமெல்லாம் கேட்டில் இருந்ததால் கார்த்திக் வெளியே நின்று சத்தமாக எண்ணினார். முதலில் படிவத்தின் முறை. மணி அடித்தது. நால்வரும் எழுந்து வரிசையாகக் கிழக்கு வாசலுக்கு நடந்தார்கள். கடைசியாக வந்த ஆலோசகர் வாசலைத் தாண்டியபோது கார்த்திக் ஏழு எண்ணியிருந்தார்.

அடுத்தது அவர்களுடைய முறை. "ஆளுக்கொரு வாசல் சார். மேக்கால இருக்கது உங்களுது. தட்டை வழியில வைக்காம இங்கிட்டுத் தள்ளிவைங்க. திரும்பிப் பாக்கக் கூடாது" என்று மாரீஸ்வரி சொல்லிக்கொடுத்தார். மணி அடித்தது. கார்த்திக் 'ரெண்டு' என்று முடிப்பதற்குள் அறை காலி. நாலு திசையிலிருந்தும் சத்தம் வந்தது: "மாரீஸ்வரி!" "பஞ்சவர்ணம்!" "செல்வி!" கொஞ்சம் தாமதித்து, மேற்கிலிருந்து ஆலோசகரின் பெயர்.

"அவவ பேர அவவதேன் சொல்லணும். நாம கூப்பிட்டம்னா என்னமோன்னு திரும்பி உள்ள பாப்பா. ஒரு பேரு வரலைன்னா எந்த வாசல்னு தெரிஞ்சுபோகும்" என்றார் மாரீஸ்வரி. நான் 'மௌன அறிவு' என்று எழுதியது இதைத்தான்.

ஆலோசகர் மூச்சு வாங்கியபடி, "இது எழுத்தில் இருக்கிறதா? எழுத்தில் இல்லாததை நடைமுறையாகக் காட்ட முடியாது" என்றார்.

"அதுக்கென்ன, எழுதிருவம். வாத்தியார் சும்மாத்தான நிக்கிறாரு."

மாரீஸ்வரி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். பிறகு அதையே ஆங்கிலத்தில். இருபதாண்டு வாசிப்புக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது. தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே 'தகுதி' என்று ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"உசுரோட இருக்கேன்னு போடுங்க."

ஆலோசகர் ஒரு சொல்லையும் மாற்றாமல் படிவத்தோடு அதை இணைத்துக்கொண்டார். கார்த்திக் ஏணியைக் கொண்டுவந்து, ஆளைக் கூப்பிடாமல் தானே முதல் அம்புக்குறியைக் கழற்றினார். "நாளைக்கு நேரத்தோட வந்துருங்கக்கா, நெறைய லோடு போகணும்" என்றார். மன்னிப்புக் கேட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வந்ததாகக் கார்த்திக் போனில் சொன்னார். 'உள்ளூர் நடைமுறை ஏற்கப்பட்டது' என்று ஒரு குறிப்பாம். வரிசை முறையை யாரும் 'வெளியூர் நடைமுறை' என்று எழுதுவதில்லை. கூலியோ, விபத்தோ, இழப்பீட்டுக்கு நடையாய் நடப்பதோ இந்த ஒரு தாளால் தீரப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் என் மொழியில், என் கையெழுத்தில், ஒருவர் தன் உயிரைத் தகுதியாகக் காட்டி ஒரு விதியை எழுதியிருக்கிறார். இதுவரை நான் எழுதியவற்றில் எனக்குப் பெருமை தருவது அந்தத் தாள்தான். அதில் என் பெயர் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அனுமதியில்லாமல் எந்தக் கம்பெனிக்கும் போகாதீர்கள். அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல. முழுப் பருத்தி உடுத்துங்கள், கடைக்காரர் சொல்லை நம்பாமல் தேய்த்துப் பாருங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மாலையில் விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா இரண்டும் சால்னாவும் 60 ரூபாய். மதுரைக்கு இரவு வரை பஸ் உண்டு. போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

அறைக்குள் நுழைந்ததும் யாராவது ஒரு பெண் கையை நீட்டி, "இது உங்க வாசல்" என்பார். என்ன யோசித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.