மீட்டர் வீட்டுக் கடலை மோர்

பால் சேகரிப்பு நிலையத்தில் முப்பத்தோரு வருடமாக அவர் பார்த்து வந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வந்து நிற்கிற பால், பால்தானா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவருக்குப் பாலில் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கிற லாக்டோமீட்டர் இருக்கும், அதன் தகர உறையோடு. அதனால் அவருக்கு மீட்டர் என்று பெயர் வந்தது. பிறந்தபோது வைத்த பெயரும் ஒன்று உண்டு. வங்கிக்குப் போனால் மட்டும் அது வெளியே வரும்.

உண்மையில் அவருக்கு அந்தக் கண்ணாடிக் குழாய் தேவைப்பட்டதே இல்லை. கேன் மூடியைத் திறந்து லேசாகக் குனிவார். "இது நேத்து சாயங்காலப் பால்" என்பார். நேற்று சாயங்காலப் பாலாகத்தான் இருக்கும். தண்ணீர் கலந்து பிடிபட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: தெரியாமல் விழுந்துவிட்டது. ஒருவர் மட்டும் கொஞ்சம் கற்பனையோடு, வழியில் மழை பிடித்துக்கொண்டது, கேன் மூடி சரியில்லை என்றார். மீட்டர் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்க வீட்டுப் பக்கம் பெய்யலையே" என்று சொல்லிவிட்டு, கேனைக் காலால் ஓரமாக நகர்த்தினார். கோபப்பட மாட்டார். கேட்டுக்கொள்ளவும் மாட்டார். சாக்கு என்பது அவருக்குக் காது வரைக்கும்தான்.

வீட்டில் நிலைமை வேறு. அடுப்படி முழுக்க அவர் மனைவியின் ஆட்சி. அங்கே அவருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு வேலை. தினமும் சாயங்காலம் காய்ச்சிய பால் ஆறும் நேரத்துக்கு அவர் உள்ளே வரலாம். விரலை விட்டுச் சூடு பார்ப்பார். பதம் வந்ததும் குளிர்பெட்டியின் இடதுபக்க மூலையிலிருந்து சின்னக் கிண்ணத்தை எடுப்பார். ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு, ஒரே சுற்று கலக்கி, மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் உறை ஊற்றிய தயிர் என்றைக்கும் புளித்ததில்லை, தோயாமல் போனதும் இல்லை. மனைவி புகழ்ந்து சொன்னதில்லை. வேறு யாரையும் அந்தக் கிண்ணத்தைத் தொடவிட்டதும் இல்லை.

அந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். அவளுக்குப் பால் ஆகாது.

திருமணத்துக்கு முன்பே மகன் சொல்லியிருந்தான். அச்சகத்தில் எந்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்துப் பார்த்து, வீட்டில் அவன் பேசுவது குறைவு. சொல்வதை ஒரு முறைதான் சொல்வான். மீட்டர் அதைச் சிலருக்குப் பாகற்காய் ஆகாது என்பதைப் போல எடுத்துக்கொண்டார். வந்த இரண்டாவது வாரம், அத்தை கொடுத்தாளே என்று அவள் ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். பத்து நிமிடத்தில் உதடு தடித்தது, கழுத்தெல்லாம் சிவந்தது, மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்ட மருத்துவர், பிஸ்கட்டில் பால்பவுடர் இருந்திருக்கும், ஒரு துளிகூடக் கூடாது என்று மீட்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தகர உறையையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளுக்குத் தெரியாமல் எதையும் கொடுக்கவில்லை. அவளும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பிறர் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் படித்துவிடுவாள். எந்தப் பொட்டலம் வீட்டுக்குள் வந்தாலும் திருப்பி, அடிப்பக்கத்தைப் படித்த பிறகுதான் மேல்பக்கத்தைப் பார்ப்பாள்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இருந்தது. வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவது. சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் வரும். பேச்சு அதற்கு மேல்தான் ஆரம்பிக்கும். அந்த வீட்டின் பெரிய முடிவுகள் எல்லாம் எச்சில் கையோடு, மோர் டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு எடுக்கப்பட்டவைதான். மோர் வருகிற நேரத்தில் மருமகள் எழுந்துவிடுவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஒரு முறை அவளுக்கும் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். பேருந்து வருமா வராதா என்று தெரியாமல் நிற்கிறவளைப் போல அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்துவிட்டாள். அத்தைக்கு முகம் சுருங்கியது. நம்மோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச அவளுக்கு மனசில்லை என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டாள். மனசு இல்லாமல் இல்லை, மோர்தான் இல்லை என்று மீட்டருக்குப் பட்டது. அந்தப் பெண்ணைக் கடைசிவரை உட்காரவைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

பால் இல்லாத மோர். முப்பத்தோரு வருடம் எதைப் பிடித்துக் கொடுத்தாரோ, அதையே செய்ய வேண்டும்.

முதலில் தேங்காய்ப்பாலில் எலுமிச்சையைப் பிழிந்தார். அரை மணி நேரத்தில் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக, சண்டை போட்ட பங்காளிகளைப் போலப் பிரிந்து நின்றன. அடுத்து சோயாப்பால். எலுமிச்சை பட்டதும் அது திரிந்தது. திரிய வேண்டும் என்றுதானே பிழிந்தது. ஆனால் திரிந்த பாலைக் கண்ட மாத்திரத்தில் அவர் கை பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டது. நாக்குக்குச் செய்தி போவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

மூன்றாவதுதான் நிலக்கடலை. ஊறவைத்து, தோலைத் தேய்த்து எடுத்து, அரைத்துப் பிழிந்தார். பார்க்க நல்ல வெள்ளையாக இருந்தது. ஒரு கிளாசில் தனியாக ஊற்றி லாக்டோமீட்டரை இறக்கினார். அது கழுத்துவரை மூழ்கியது. இப்படி ஒரு கேன் வந்திருந்தால் கொண்டுவந்தவரை ஒரு மாதம் நிறுத்திவைத்திருப்பார். நிலையத்தில் எடை போடுகிறவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு எடைமேடைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "கடைசியில மீட்டரே கலப்படத்துல இறங்கிட்டாரு" என்று அன்றைக்கு வந்த கேன்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். மழைக்காரருக்கு அதில் தனிச் சந்தோஷம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் முழுமூச்சாக இறங்கினார். பாலின் வாடையே படாத புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, பிழிவதற்குப் புதுத் துணி. மிக்சி ஜாடியை வெந்நீரில் மூன்று முறை கழுவினார். கடலைப்பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே பச்சை வாடை போகும்வரை காய்ச்சினார். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். மனைவி கூடத்தில் தொலைக்காட்சி பார்த்தாள். சூடு இறங்க இறங்கப் பக்கத்திலேயே நின்றார். விரலை விட்டுப் பார்த்தார். பதம். குளிர்பெட்டியின் இடதுபக்க மூலைக்குக் கை போனது. ஒரு கரண்டி, ஒரே சுற்று. மூடிவைத்தார்.

ஞாயிறு காலையில் மூடியைத் திறந்தால், வெட்டி எடுக்கலாம் போலத் தோய்ந்திருந்தது.

மீட்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைந்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டார், உப்புப் போட்டார், மல்லித்தழை கிள்ளிப் போட்டார். மனைவிக்கு அரை கரண்டி உள்ளங்கையில் ஊற்றினார். அவள் நக்கிப் பார்த்துவிட்டு, "மோருதான். இதுல என்ன?" என்றாள். அவள் நாக்கையே ஏமாற்றிவிட்ட பெருமையில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடிந்தது. வழக்கம்போல மருமகள் தட்டை எடுத்தாள். மீட்டர் கையமர்த்தி உட்காரச் சொன்னார். நாலு டம்ளரும் ஒரே மோர் என்றும், பால் ஒரு சொட்டு இல்லை, முழுக்கக் கடலை என்றும், பேசி ஒத்திகை பார்த்தவரைப் போல அறிவித்தார். மகன் நிமிர்ந்து பார்த்தான். மருமகள் டம்ளரைக் கையில் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகத்தில் வந்ததை அவர் இதுவரை பார்த்ததில்லை. ஒரு சின்னப் பிள்ளை பலூன்காரரைப் பார்ப்பதுபோல இருந்தது.

அந்த நேரத்தில்தான் மனைவி சாதாரணமாகக் கேட்டாள். "ஏங்க, உறைத்தயிர் கிண்ணம் காலியா இருக்கு. நேத்து ரெண்டு தரம் ஊத்துனீங்களா?"

மீட்டரின் கைதான் முதலில் போனது. மேசையைத் தாண்டி எட்டி டம்ளரைப் பறித்தார். பாதி மோர் தட்டில் கொட்டியது, கொஞ்சம் அவள் புறங்கையில் தெறித்தது. "உள்ள போச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையசைத்த பிறகும் இன்னொரு தரம் கேட்டார். அப்புறம் மேசைமேல் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"தெரியாம கலந்துட்டேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று அவருக்குக் காதில் விழுந்தது. எழுந்துபோய்ப் பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். எத்தனையோ பேரைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். தன் கையால் செய்து நன்றாக வந்ததைக் கொட்டுவது இதுதான் முதல் தடவை. "அவளுக்குத்தானே ஆகாது, நாங்க குடிச்சிருப்போமே" என்று மனைவி பின்னாலிருந்து சொன்னது நியாயம்தான். கொட்டியாகிவிட்டது.

மருமகள் எழுந்து போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். இனி அவள் தண்ணீருக்குக்கூட உட்கார மாட்டாள் என்று மீட்டர் நினைத்தார். அவள் துண்டில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தாள்.

"மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

திடீரென்று கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்ததாக அவர் முணுமுணுத்தார்.

"திடீர்னு எது வந்தாலும் எனக்குப் பயம் மாமா. யாராவது கண்ணை மூடு, வாயைத் தொறன்னு சொன்னா நான் எழுந்து ஓடிடுவேன். சின்ன வயசுலருந்து அப்படித்தான். என் கண்ணு முன்னால செய்ங்க. அது போதும்."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துவிட்டாள்.

உறைக்கு வழி மருமகளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தங்கியிருந்த விடுதியில் பழைய தயிர் கிடைக்காத நாளில் அறைத் தோழிகள் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டுப் பாலைத் தோய்ப்பார்களாம். அவள் குடித்ததில்லை; பார்த்திருக்கிறாள். பாலைத் தோய்க்கிற காம்பு கடலைப்பாலைத் தோய்க்காதா என்பது அவள் வாதம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தவள் நேராக அடுப்படிக்கு வந்தாள். மீட்டர் புதுப் பாத்திரத்தை எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கையக் காட்டுங்க." காலையெல்லாம் பாலில் புழங்கிய கை. அவர் நீட்டினார். அவள் நகக்கண்வரை பார்த்துவிட்டு, இன்னொரு தரம் கழுவிவிட்டு வரச் சொன்னாள். முப்பத்தோரு வருடத்தில் அவரை யாரும் பரிசோதித்ததில்லை. பள்ளிக்கூடப் பையனைப் போலப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். சாமான்கள் எல்லாம் திரும்பக் கழுவப்பட்டன. மரக்கரண்டியை அவள் வேண்டாம் என்றாள், அது பழைய வாடையை விடாதாம். குளிர்பெட்டியின் இடதுபக்கம் அன்றிலிருந்து அவருக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. வீட்டுத் தயிருக்கு மனைவியே உறை ஊற்றினாள், அது இரண்டு நாள் புளித்தது.

திங்கட்கிழமைப் பால் தோயவே இல்லை. புதன்கிழமை தோய்ந்தது, ஆனால் தூக்கினால் கம்பி இழுத்தது. கொட்டினார்கள். வெள்ளிக்கிழமை காம்பைக் கூடுதலாகப் போட்டு, பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றி வைத்தார்கள்; ஒருவழியாகத் தோய்ந்தது. சனிக்கிழமை அதே முறையில் இன்னொரு தரம்.

ஞாயிறு மத்தியானம் வந்த மோர், போன வாரத்து மோருக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. கொஞ்சம் நீர்த்திருந்தது. இஞ்சியை எவ்வளவு தட்டிப் போட்டும் அடியில் கடலை வாடை இருந்தது. வேர்க்கடலையை நனைத்துப் பிழிந்த மாதிரி இருக்கிறது என்று அத்தை உள்ளதைச் சொன்னாள். மகன் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவைத்தான். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. நிலையத்தில் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன் என்று மீட்டரே ஒப்புக்கொண்டார்.

மருமகள் முழு டம்ளரையும் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"புளிப்பு ஜாஸ்தி மாமா. காம்பு அதிகமாயிடுச்சு."

காம்பில் ஒன்றும் இல்லை, கம்பளியில்தான் கோளாறு, சூடு கூடிவிட்டது என்றார் அவர். கம்பளி சுற்றச் சொன்னது யார் என்று அவள் கேட்டாள். நீதான் என்றார். இல்லை, நான் துண்டு என்றேன், நீங்கள்தான் கம்பளி என்றீர்கள் என்றாள் அவள். அத்தை இடையில் புகுந்து, இரண்டு பேரும் சொன்னீர்கள், நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன் என்றாள். ஆறு காம்பா பத்துக் காம்பா என்பதில் அரை மணி நேரம் போனது. மகன் எழுந்து போய்ப் படுத்துவிட்டான். கடலைக்குப் பதில் பாதாம் போடலாமா என்று பேச்சு போய், பாதாம் விற்கிற விலைக்கு அதை மோராக்குகிறவர்கள் உண்டா என்று திரும்பி வந்தது. இரண்டாவது டம்ளரை யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை.

அத்தை தட்டுகளை எடுத்தாள், மேசையைத் துடைத்தாள். மருமகளின் முழங்கையைத் தூக்கிவிட்டு அதன் அடியிலும் துடைத்தாள். அவள் சாப்பிட்ட கை காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"கையக் கழுவிட்டு வந்து சண்டை போடும்மா" என்றாள் அத்தை.

"இருங்க அத்தை, மாமாவுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்."