என் மகளின் தொண்டையில் நாலு முடிச்சு

1932-ஆம் வருடம், ஐப்பசி மாதம். பள்ளிவாசல் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க். தினமும் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. அதே பழக்கத்தில், வீட்டில் நடப்பதையும் தேதியும் மணியும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

அந்த மாதம் தோட்டத்து டாக்டர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தொண்டையைச் சோதித்து, ஒன்பது பேருக்கு டான்சிலை வெட்ட வேண்டும் என்றார். காலையில் பேர் வாசித்து ஆட்களை வேலைக்கு அனுப்புகிற பெரட்டு மாதிரியே இதற்கும் ஒரு பட்டியல். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்பதாவது பேர் என் மகள். ஏழு வயது. மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். தூங்கும்போது மூச்சு அடைக்கும். வெட்டத்தான் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எப்படி வெட்டுவது என்பதில்தான் தகராறு.

டாக்டரிடம் இருந்தது ஒரு வளையமும் அதற்குள் ஓடும் கத்தியும் கொண்ட கருவி. சதையை வளையத்துக்குள் மாட்டி அமுக்கினால் அரை நிமிடத்தில் துண்டாகிவிடும். அவர் கைதேர்ந்தவர், அதை மறுக்கவில்லை. ஆனால் என் நோட்டில் மூன்று குறிப்புகள் இருந்தன. ஆடியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மகனையும் மகளையும் காலில் ஆளுக்கு ஒரு அட்டை கடித்தது. மகனுக்குப் பத்து மணிக்கு ரத்தம் நின்றது. மகளுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு. ஆவணியிலும் அப்படியே. பால்பல் விழுந்தபோது மறுநாள் காலைவரை கசிந்தது.

நோட்டோடு டாக்டரிடம் போனேன்.

“ஏடோ, அட்டை கடிச்சா ஆர்க்கும் சோர வரும்,” என்று மலையாளமும் தமிழுமாகச் சிரித்தார். ரத்தத்தைத்தான் சோர என்றார். கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்து, “இயாளுக்கு மழை அளந்து அளந்து பிராந்து பிடிச்சு!” என்றார், பைத்தியம் பிடித்துவிட்டதாம்.

“அண்ணன்காரனுக்கு நின்ன நேரமும் பக்கத்துலயே எழுதியிருக்கேன் டாக்டர். அதையும் பாருங்க.”

“நீ டாக்டரோ, ஞான் டாக்டரோ?”

நோட்டை அவர் தொடவே இல்லை.

ஞாயிறு அன்று பேர் வாசித்தார்கள். ஒன்பதாவது பேருக்கு நான் மட்டும் முன்னால் போய், “வரமாட்டாள்” என்றேன். ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்த நண்பர், தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். “என்ன வே, எட்டுப் பிள்ளையளுக்கும் சட்டுப்புட்டுன்னு முடிஞ்சு போச்சு. உம்ம மகளுக்கு மட்டும் தங்கத் தொண்டையோ?”

“தங்கம்தான் வே,” என்றேன்.

வீட்டில் மனைவி அழுதாள். “டாக்டரையும் தொரையையும் பகைச்சுக்கிட்டு இந்த மலையில எப்படிங்க குடியிருக்க?”

தோட்டத்து மேனேஜரான துரையிடம் லீவு கேட்டேன், மறுத்தார். மறுநாள் லீவில்லாமலே, மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு மெட்டு மலைப்பாதையில் இறங்கி, போடியில் ரயில் ஏறி, கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த லேடி டாக்டர் திருநெல்வேலிக்காரர். நோட்டை இரண்டு முறை படித்தார். மகளின் காது மடலில் ஊசியால் குத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ரத்தம் நிற்கும்வரை ஒற்றுத்தாளால் ஒற்றினார். வெகுநேரம் ஒற்றினார்.

“உங்க டாக்டர் செய்யிறதும் நல்ல முறைதான்,” என்றார். “சீக்கிரம் முடியும், லேசா மயக்கம் குடுத்தாப் போதும். ஆனா ரத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்க நேரம் இருக்காது. நான் சதையை அடியோட உரிச்சு எடுப்பேன். நேரமாகும், வலியும் கூடத்தான். ஆனா கசியிற ரத்தக் குழாயைக் கண்ணால பாத்து நூலால கட்டிருவேன். ரெண்டுலயும் ஆபத்து உண்டு. சம்மதமா?”

சம்மதித்தேன். ஐம்பது நிமிடம். வெளியே வந்து, “நாலு இடத்துல கட்டினேன். ஒரு இடத்துல கட்டக் கட்ட ரத்தம் வந்துச்சு,” என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்கு எட்டு நாள் கஞ்சிகூடச் சரியாக இறங்கவில்லை. மலையில் அந்த எட்டுப் பிள்ளைகளும் மூன்றாம் நாளே ஓடி விளையாடினார்களாம். அதையும் எழுதி வைத்தேன். மறு வருடம் அவர்களில் ஒருவனுக்கு மிச்சச் சதை வளர்ந்து மறுபடி காய்ச்சல் வந்தது. அதையும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது பெரட்டுப் புத்தகத்தில் என் பேருக்கு எதிரே பன்னிரண்டு நாள் ‘ஆப்சென்ட்’. துரை மன்னிப்புக் கடிதம் கேட்டார். ‘சொல்லாமல் போகவில்லை, கேட்டேன், தரவில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மழைமானியை வேறொருவரிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தோட்டத்து டாக்டர் வழியில் என்னை நிறுத்தினார். “எத்தர கெட்டு?” தொண்டையில் போட்ட முடிச்சைக் கேட்டார்.

“நாலு.”

“நாலோ?” கையை நீட்டினார். “ஆ புஸ்தகம் தா.”

நோட்டைக் கொடுத்தேன், பாதை வளைவில் நின்றபடியே படித்தார்.

வைத்தியத்தில் அவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனால் அட்டை கடித்த என் மகளின் கால், பிற்பகல் மூன்று மணிவரை கசிந்தது எனக்குத்தான் தெரியும், அதைச் சொல்வதற்கு இன்றும் நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.