நாதிக்கின் கணினி நின்ற மதியங்கள்

நஹிதாவை அந்தக் கணினிதான் கொன்றது என்று மோசூலில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? அந்தப் பெட்டி ஜூன் மாதம் முழுக்க எச்சரித்துக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அவள் கணவன் நாதிக் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன். போரில் இடிந்த வீட்டை மறுபடி கட்டுகிறவர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். பழைய கணினி செத்ததும், கடைக்காரன் ஸஃப்வானிடம் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே புதிதாக ஒன்றைக் கோத்தான். சூடேறக் கூடாதென்று முற்றத்துப் பக்க ஜன்னலில் இருந்த, தண்ணீரில் குளிர்காற்று வீசும் தகரக் கூலரின் எதிரே மேசையைப் போட்டான். கூலரையும் கணினியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினான். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான். பலகையில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதிலிருந்து மண்ணுக்குப் போகிற கம்பி இருக்காது.

காலையில் அந்தக் கணினி பறக்கும். மதியம் கூலரைப் போட்ட சற்று நேரத்தில் திரை உறைந்துவிடும், சுட்டி அசையாது. சில நாள் பொட்டென்று அணைந்தே போகும். பாதி வரைந்த வீடும் அதோடு போய்விடும்.

"வெயில் தாங்கல அதுக்கு" என்று முடிவுகட்டி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கூலரை இன்னும் வேகமாக வைத்தான்.

"அபூ ரிஹாம், அந்தப் பெட்டியத் தொடச்சா சுருக்குன்னு கடிக்குது" என்றாள் நஹிதா. மகள் பெயரை வைத்து, ரிஹாமின் அப்பா என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

"செருப்பு போட்டுக்கிட்டுத் தொடச்சுக்க. இந்த ஊர்ல எதுதான் கடிக்கல? ஃப்ரிட்ஜ் கடிக்குது, வாஷிங் மெஷின் கடிக்குது."

"உங்கம்மாவை விட்டுட்டீங்களே!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நினைவகச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தான். விண்டோஸை இரண்டு தரம் அழித்து ஏற்றினான். பவர் சப்ளையை மாற்றினான். சோதனையெல்லாம் வெயில் ஏறாத காலையில், கூலர் ஓடாத நேரத்தில். எல்லாமே தேறியது. மண்டை காய்ந்துபோய்ப் பெட்டியை ஸஃப்வான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே மூன்று நாள் ஓடியது, ஒருமுறைகூட நிற்கவில்லை.

"உஸ்தாத், பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. உங்க வீட்டுக் கரண்ட்லதான் ஏதோ இருக்கு. ஆளக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்றான் ஸஃப்வான்.

"வித்த சாமான் சொத்தைன்னு ஒத்துக்க வாய் வரல, என் வீட்டையா குறை சொல்றே?"

கோபத்தோடு பெட்டியைத் திருப்பி எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தான். முட்டாள்! எனக்கு இன்றுவரை அவன்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் வரைகிறவனுக்குத் தன் வீட்டுச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஜூலை முதல் வியாழன். அடுப்பில் வெண்டைக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூலருக்குள் தண்ணீர் வரத்து நின்று, காற்று அனலாக வீசியது.

"மிதவை மாட்டிக்கிச்சு போல. நீங்க வேலையப் பாருங்க, நான் போறேன்" என்று நஹிதா முற்றத்துப் பக்கம் போனாள். முற்றத்தை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தாள். வெறுங்கால்.

திரை உறைந்தது.

"நாசமாப் போக!" என்று நாதிக் பெட்டியை ஓங்கித் தட்டினான். கை வெடுக்கென்று உதறியது. திட்டிக்கொண்டே அணைத்து, மறுபடி பொத்தானை அழுத்தி, அது எழுந்து வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பு தீயும் வாடை வந்த பிறகுதான் "நஹிதா!" என்று கூப்பிட்டான்.

மூன்று நாளும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மின்வேலைக்காரர் இத்ரீஸ் வந்து கூலரைக் கழற்றித் தெருவில் வைத்தார்.

"மோட்டார்ல கசிவு. தகரம் முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கு. மண்ணுக்குப் போக வழியில்லாம, ஒரே பலகைங்கிறதால கம்ப்யூட்டருக்கும் போயிருக்கு. அதான் நின்னு நின்னு போயிருக்கு" என்றார்.

நான்காம் நாள் மதியம் நாதிக் கணினியைப் போட்டான். வீடு கொதித்தது, பெட்டி சுட்டது, ஆனால் சுட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை ஒரு தரமும் நிற்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, பெட்டியின் தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"கடியேன்" என்றான். "ஒரே ஒரு தரம் கடியேன்."

அது கடிக்கவில்லை.