ஒக்சானா தந்த குளிர்கோட்டு

உக்ரைனில் யாரிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "நோர்மால்னோ", அதாவது 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். அபாயச் சங்கு ஊதியதும் நிலவறையில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு மேலேறி வருகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். விருதுநகரிலிருந்து மருத்துவம் படிக்கப் போன நான், எல்லாம் சரியாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டேன். தன் அண்ணன் போர்முனையில் இறந்த செய்தி வந்த வாரத்திலும் என் அறைத்தோழி ஒக்சானா அப்படித்தான் சொன்னாள்.

ஜனவரியில் ஒருநாள் தன் குளிர்கோட்டை என் கட்டிலில் வைத்து, "நீயே வைத்துக்கொள்" என்றாள். அன்பு மிகுதி என்று அம்மாவிடம் போனில் பெருமையடித்தேன். எங்கள் மிளகாய் வற்றல் கடையில் இருந்த அம்மா, "அம்புட்டுக் குளிருல கோட்டக் குடுத்துட்டு அந்தப் பிள்ள எதப் போடுவா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது: இனித் தனக்குக் கோட்டே தேவைப்படாது என்று நினைக்கிறாளோ? விருதுநகரில் ஒரு வருடம் பி.எஸ்ஸி. படித்தபோது, கூடப் படித்த முத்துலட்சுமியின் தாய் பட்டாசுக் கம்பெனி விபத்தில் இறந்துபோனார். பத்தே நாளில் கல்லூரிக்கு வந்து சிரித்துப் பேசியவளைத் தைரியசாலி என்றோம். ஒரு மாதம் கழித்து அவள் உயிரை விடத் துணிந்தாள். நல்லவேளையாகப் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள்: "நல்லா இருக்கியான்னு எல்லாரும் கேட்டாக பர்வீன். சாகணும்போல இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல."

போனை வைத்துவிட்டு ஒக்சானாவின் அருகில் உட்கார்ந்தேன். தெரிந்த ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "சாக நினைக்கிறாயா?"

"ஆமாம்" என்று சொல்லி உடைந்து அழுதாள். அழுது ஓயும்வரை கையைப் பிடித்திருந்தேன். கோட்டை அவள் தோளில் போட்டு, அப்போதே பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனேன்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் நம்மூரிலும் உண்டு, அங்கும் உண்டு. அது வீண் பயம். கேட்டதும் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, வசந்தத்தில் வகுப்புக்குத் திரும்பினாள்.

இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். மதியச் சாப்பாட்டின்போது நான் படிக்கும் உக்ரைன் நகரத்துக்கான எச்சரிக்கைச் செயலி போனில் அலறியது. "இங்கன எதுக்கு அது? அமத்தி வையேன்" என்றார் அம்மா. அமர்த்தவில்லை. 'நிலவறைக்கு வந்துவிட்டேன்' என்று ஒக்சானா எழுதும்வரை, பிசைந்த சோற்றில் விரல்கள் அப்படியே இருந்தன.