இறக்கத்தில் நியூட்ரல்

வட்டவடை ஜீப் டிரைவர் பூபதிராஜாவுக்கு முப்பது வருஷமாக ஒரே வேதம்: இறக்கம் வந்தால் நியூட்ரல். டாப் ஸ்டேஷன் உச்சியைத் தாண்டியதும் கியரை விட்டுவிட்டு மூணாறுப் பக்கம் சும்மா உருட்டிக்கொண்டே போவார். டீசல் மிச்சமாம். பிரேக் தேயுமே என்றால், "அது பிரேக்கோட தலையெழுத்து" என்பார்.

ஒரு தடவை கால் ஒடிந்து அவர் கட்டிலில் கிடந்தபோது, மனைவி முத்துப்பேச்சிதான் லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஜீப்பை ஓட்டினாள். பயத்தில் அவள் கியரை விடவே மாட்டாள். "இறக்கத்துலயும் டீசல் குடிக்கிறவ எம் பொண்டாட்டிதேன்" என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தார் மனுஷன்.

இந்த வருஷம் ஜீப்புக்கு வயதாகிவிட்டது, இனி ரோட்டில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாக அதே வாரம் ஊர்க் காய்கறிச் சங்கத்துக்கு ஒரு மின்சார வண்டி சோதனைக்கு வந்தது. கேரட் ஏற்றிக்கொண்டு ஒரே சார்ஜில் மூணாறு போய்த் திரும்பினால் வண்டியும் ஊரிலேயே தங்கும், ஓட்டுகிற வேலையும் பூபதிராஜாவுக்கு. இல்லாவிட்டால் வண்டி வந்த வழியே போய்விடும், இவரும் பெண்டாட்டியோடு சங்கத்துத் தொட்டியில் இறங்கிக் கேரட் கழுவ வேண்டியதுதான்.

வண்டியோடு வந்த இன்ஜினீயர் பெண் ஜிஸ்மி, வெளிநாட்டில் ரோட்டுக்கு அடியிலேயே மின்கம்பி பதிக்கிறார்கள், ஓட ஓடச் சார்ஜ் ஏறும், நாளைக்கு இங்கேயும் வரும் என்றாள்.

"மொதல்ல ரோட்டப் போடுங்க மேடம். கம்பிய அப்பறம் பொதச்சுக்கிருவோம்."

அவள் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "சேட்டா, இறக்கத்துல நியூட்ரல் போடவே கூடாது. கியர்ல விட்டா பேட்டரிக்குச் சார்ஜ் திரும்ப ஏறும்."

பூபதிராஜா பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். போகும்போது டாப் ஸ்டேஷன் இறக்கத்தில் கை தானாகக் கியர்க் குமிழைத் திருகி நியூட்ரலில் வைத்தது. கேரட்டை இறக்கிவிட்டுத் திரும்பி ஏறுகையில், உச்சிக்கு இன்னும் மூன்று வளைவு இருக்கும்போது சார்ஜ் தீர்ந்து வண்டி மூச்சை விட்டது. பின்னால் வந்த உள்ளூர் டிரைவர் தனபாலின் டீசல் ஜீப்தான் கயிறு கட்டி இழுத்தது. ஊர் எல்லை வரை அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

சங்க வாசலில் ஆளுக்கு ஆள் வண்டியைத் திட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி வண்டியோடு போயிருக்கும். ஆனால் ஜிஸ்மியின் முகம் வாடிப்போனதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"வண்டிய வையாதீக. நாந்தேன் நியூட்ரல்ல உருட்டுனேன்."

மறுநாளே இன்னொரு சோதனை வைக்கச் சங்கம் சம்மதித்தது. "ஆனா நியூட்ரல் பழகாத டிரைவர் வேணும்" என்றாள் ஜிஸ்மி. முப்பது வருஷ அனுபவம் ஒரு நொடியில் குற்றமாகிவிட்டது. இருந்த எல்லா டிரைவர்களும் தரையைப் பார்த்தார்கள். கேரட் தொட்டியிலிருந்து ஈரக் கையோடு எழுந்து வந்தாள் முத்துப்பேச்சி.

மறுநாள் அவள் ஓட்ட, பூபதிராஜா பக்கத்து சீட்டில் மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்தார். டாப் ஸ்டேஷன் தாண்டி இறக்கம் வந்தது. அவர் வலக்கை மெல்லக் கியர்க் குமிழின் பக்கம் போனது.

பளாரென்று கையில் ஒன்று வைத்தாள்.

"கைய மடியில வைங்க. சார்ஜ் ஏறுதுல்ல?"