ராணுவ லாரியின் நாலாவது நடை

மனோகரன் அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அப்துல் ஹலீம் பேசிவிடுவார். மலேசியாவில் யோங் பெங் ஊரின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஹலீமுக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஊருக்கு வெளியே செம்பனை எண்ணெய் ஆலையில் மனோகரனுக்கு லாரி மெக்கானிக் வேலை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தவர், இருபது வருடமாக அதே மேசையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

ஒரு காலை ஹலீம் கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினார். குளுவாங் பக்கத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றின் படம். புல்லுக்கு நடுவில் ஒரு மூன்று டன் ராணுவ லாரி. கண்ணாடி இல்லை; முன் சக்கரம் ஒன்றைக் காணோம்.

"ஆர்மில ஏலம் விட்டதாம் மனோ. அடுத்த வாரம் அறுக்கப் போறாங்களாம்."

"அறுக்கட்டும்."

"அலமாக், என்னடா இப்படிச் சொல்ற! நீ இஞ்சினப் பாரு. மத்தத நான் பாத்துக்கிறேன் லா."

ஹலீம் சின்னப் பையனாக இருந்தபோது ராணுவ வண்டிகள் பழைய சாலை வழியாக வரிசையாகப் போகுமாம். அவர் சாலையோரம் நின்று கையாட்டுவாராம். ஒரு சிப்பாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எறிந்தாராம். ஐம்பது வயதிலும் அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறிவிடும். மனோகரனுக்கு அந்த மாதிரிக் கதை எதுவும் கிடையாது. ஹலீம் கேட்டார் என்பதற்காகத்தான் அவர் போனார். போய் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்த பிறகு, தனக்காகவே போக ஆரம்பித்தார்.

ஹலீம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, லாரியை வாங்கி வந்து நிறுத்தினார்கள். ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் கழிந்தன. ஹலீம் கைப்பேசியில் தாய்லாந்து, இங்கிலாந்து என்று முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் பேசி உதிரிப் பாகம் வரவழைப்பார். பழைய பச்சை நிறம் சரியாக அமையவில்லை என்று மூன்று முறை சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். இஞ்சினும் கியர் பெட்டியும் பிரேக்கும் மனோகரன் வேலை. ஹலீமின் மனைவி ஜெய்னம்பு ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்.

"ரெண்டு பேரும் சண்டைக்கா போகப் போறீங்க?"

சாலையில் ஓட்ட அந்த லாரிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் தோட்டத்துச் செம்மண் பாதையில் மட்டும் ஓட்டினார்கள். பெரும்பாலும் மனோகரன் ஓட்டுவார். ஹலீம் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது தெரிந்தவர் எதிரே வர மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மார்ச் மாதம் மழை ஐந்து நாள் விடவில்லை. ஊருக்குக் கீழே தாழ்வான தாமான் குடியிருப்பு ஒன்றில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மீட்புப் படகுகள் போதவில்லை. ஹலீம் கடையை மூடிவிட்டு ஓடி வந்தார்.

"மனோ, நம்ம லோரி உயரம். எடுறா."

அனுமதி பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர் கையை வீசி வழி விட்டார். காலையிலிருந்து மூன்று நடை போனார்கள். பிள்ளைகள், தலையணைகள், கூண்டில் ஒரு கிளி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். மூன்று நடையும் மனோகரன்தான் ஓட்டினார்.

நாலாவது நடையில் திருச்செல்வம் என்பவரை ஏற்றினார்கள். சிறுநீரக நோயாளி. இரத்தம் சுத்திகரிக்கும் நாள் தவறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுக்க வைக்க முடியவில்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். ஹலீமுக்கு முதுகு வலி. மனோகரன் பின்னால் ஏறினார். ஹலீம் ஓட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மனோகரன் திருச்செல்வத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"நீ அவரப் பாரு. இன்னும் ரெண்டு குடும்பம் இருக்கு, நான் கூட்டிட்டு வந்துர்றேன்," என்றார் ஹலீம்.

"சரி, சீக்கிரம் வா."

அவ்வளவுதான் மனோகரன் சொன்னது.

தண்ணீரில் இறங்கி ஏறிய பழைய லாரியில் பிரேக் சட்டென்று பிடிக்காது. கரை ஏறியதும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போனால் உள்ளே சூடேறி ஈரம் காயும். முந்திய மூன்று நடையிலும் மனோகரனின் கால் அதைத் தானாகச் செய்தது. மேடு ஏறி வந்த ஹலீமுக்குப் பிரேக் தேவைப்படவே இல்லை. அப்படியே வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டார். பாதி இறக்கத்தில் சாலை வளையும் இடத்தில் லாரி நிற்கவில்லை. நிறைந்து ஓடிக்கொண்டிருந்த பெரிய கால்வாயில் பக்கவாட்டாக விழுந்தது.

மனோகரன் ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தார். மீட்புப் படையினர் அவரை இழுத்து வெளியே போட்டார்கள். ஹலீமை எடுக்க நாற்பது நிமிடம் ஆனது.

அடக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் ஊரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார் என்று பேசினார்கள். மனோகரனின் கையையும் பிடித்துப் பாராட்டினார்கள். அவருக்கு அந்தக் கைகளை உதற வேண்டும் போலிருந்தது. வீட்டில் சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய்விடுவார். அவர் மனைவி புஷ்பவள்ளி பல நாள் கேட்ட பிறகு ஒரு நாள் சொன்னார்.

"ஒரு வார்த்தை புஷ்பம். பிரேக்க மிதிச்சுக்கிட்டே போடான்னு ஒரு வார்த்தை. அது கூட வரல எனக்கு."

"ஜெய்னம்புகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டாங்க," என்றார் புஷ்பவள்ளி.

ஆனால் மனோகரன் சொல்லிவிட்டார். நான்கு மாதம் கழித்து ஜெய்னம்பு, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மனோகரன் காரில் கூட்டிப்போனார். தண்ணீர் வடிந்து கால்வாய் முழங்கால் ஆழத்துக்கு வந்திருந்தது. வளைவில் நின்று மனோகரன் எல்லாவற்றையும் சொன்னார். ஜெய்னம்பு முக்காட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ண்ணே," என்றார். "அவருக்கு நேரம் வந்திருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே அப்படி நெனைக்க முடியாது."

அதற்குப் பிறகு மனோகரன் ஹலீமின் கடைப் பக்கம் போகவில்லை. திருச்செல்வம் பிழைத்துக்கொண்டார், பழங்கள் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல ஒரு முறை வந்தார். மனோகரனால் அவரிடம் சரியாகப் பேச முடியவில்லை. லாரியைப் பண்டார் தெங்காராவில் இதே கிறுக்குப் பிடித்த ஒருவர் கேட்டு எடுத்துப்போனார். சந்தேகம் கேட்டு அவர் அடிக்கடி அழைப்பார். பேசாத மனோகரன் அவரிடம் மட்டும் ஒன்று விடாமல் சொன்னார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிறு மாலை ஜெய்னம்பு மனோகரன் வீட்டுக்கு வந்தார். மகன் சாஜித் காரிலேயே இருந்தான்.

"மக அல்ஃபியாவுக்கு நிக்காஹ்ண்ணே. அவர் இருந்திருந்தா மொத பத்திரிகை உங்களுக்குத்தான் வந்திருக்கும்."

மனோகரன் பத்திரிகையை வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார். "என் மேல உள்ள கோவம் போயிருச்சாம்மா?"

ஜெய்னம்பு யோசித்துத்தான் பதில் சொன்னார். "போகலண்ணே. போகும்னும் தெரியல. ஆனா நீங்க வரணும்."

மனோகரனும் புஷ்பவள்ளியும் போனார்கள். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்துல் ஹலீம் மகள் அல்ஃபியா என்று ஒலிபெருக்கியில் வாசித்தபோது மனோகரன் எழுந்து வெளியே போனார். கார்கள் நிறுத்தும் இடத்தில், ஒரு வேனுக்குப் பின்னால் நின்று அழுதார். ஹலீம் இறந்த நாளிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல் முறை. புஷ்பவள்ளி அவரைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.