காதில் படாத பவுடர்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல படம். கல்யாணமான புதிதில் அம்மாவோடு ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர். கேமரா என்றால் அவருக்கு ஆகாது. நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார்.

பழைய படங்களுக்குக் கலர் போடுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போய்வரும் பெங்களூர் ரயிலுக்கே சரியாகப் போய்விடும். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து யாராவது படம் கொண்டுவருவார்கள். கூடவே, "கொஞ்சம் செவப்பா போடும்மா" என்பார்கள். கோபம் கோபமாக வரும், ஆனாலும் போட்டுக் கொடுப்பேன். கம்ப்யூட்டரும் அவர்கள் கட்சிதான். எந்த முகத்தைக் கொடுத்தாலும் கோதுமை மாவைப் பூசித் தரும்.

போன மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்றே, அப்பாவைக் கலரில் பார்க்க வேண்டும் என்றாள். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து முடித்துக் காட்டினேன்.

"இன்னாடி இது? ஆரு இந்த ஆளு?"

"அப்பாதான்."

"உங்கப்பா இன்னா வெள்ளக்கார தொரையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் செய்து பழகிய கை, சொந்த அப்பாவுக்கும் அதையே செய்திருக்கிறது. கருமையைக் கூட்டினேன். முகம், சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டு மண் மாதிரி சாம்பலடித்துப் போயிற்று. உயிரே இல்லை.

அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு நான்தான் அவருக்கு பவுடர் பூசினேன். வேணாம் வேணாம்னாரு. போட்டோவுல கறுப்பா வுழுவீங்கன்னு சொல்லி நான்தான் கேக்கல. காதைப் பாரு, அங்க பூசல."

பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தைவிடக் காது நன்றாகவே கறுத்திருந்தது. இத்தனை நாளும் நான் பவுடருக்குத்தான் கலர் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்பாவின் நிறம். பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அம்மா என் முகத்திலும் அப்படித்தான் பவுடரை அப்பி அனுப்புவாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வாசல் வெயிலில் நின்று என் காதைப் போனில் படம் பிடித்தேன். பழுப்புக்கு அடியில் சிவப்பு ஓடியது. கறுத்த முகங்களுக்கு அந்தச் சிவப்பை நான் வைத்ததே இல்லை. காதில் தொடங்கி, கழுத்து, கன்னம் என்று கொண்டுவந்தேன். நெற்றிக்குக் கொஞ்சம் மஞ்சள், மழித்த தாடைக்குத் துளி நீலம். சாயங்காலம் ஆகிவிட்டது.

அம்மா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஷிப்ட் முடிஞ்சு குளிச்சிட்டு வந்தா இப்டிதான் இருப்பாரு" என்றாள்.

படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும் புதுப்பெண்ணைக் காட்டி, "உனக்கும் பவுடரை எடுத்துடவா?" என்று கேட்டேன்.

"ஐயே, எனக்கு இருக்கட்டும்" என்று சிரித்தாள். அப்புறம் என் காது மடலைப் பிடித்துப் பார்த்தாள்.

"உனக்குப் பூசி அனுப்பியிருக்கக் கூடாதுடி."